வீவர்ஸ் அணியின் பதினோராவது பெயர்

ஜெயசுந்தரி ஒரு கால்பந்தாட்டத்தைக்கூட முழுசாக உட்கார்ந்து பார்த்தது கிடையாது. டிவியில் வந்தால் சேனலை மாற்றிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய், 1924 மார்ச்சில் அமெரிக்காவின் ஹேல்ஸ்விக் வீவர்ஸ் அணிக்குக் கோல் காத்தவன் யார் என்று கேட்டால் டக்கென்று பேர் சொல்வாள். அவன் சுண்டுவிரல் உடைந்த கதையைச் சொல்வாள். அந்த வாரம் பனி கொட்டி ஆட்டம் தள்ளிப்போனதையும் சேர்த்துச் சொல்வாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. மல்காஜ்கிரியில் இரண்டு அறை உள்ள ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறாள். நாசரேத்துப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா, சீக்கிரமே போய்விட்டார். அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது ஜெயசுந்தரிக்கு முப்பது. பெண் பார்க்க வந்தவர்கள் உள் அறைக் கட்டிலை எட்டிப் பார்த்தார்கள், காபியைக் குடித்தார்கள், மரியாதையாக எழுந்து போனார்கள். பதினாலு வருஷம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கழிந்தது. அம்மாவை அடக்கம் செய்த அன்று சர்ச்சில் எல்லோரும் "ஊழியம் மாதிரி செஞ்சே" என்று பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அதற்கு மேல் அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எல்லோருக்கும் அடுப்பில் ஏதாவது இருக்கும்.

பீரோவில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த சர்டிபிகேட் ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மாரெட்பள்ளியில் ஒரு கம்பெனிக்குப் போனாள். வெளிநாட்டு நூலகங்கள் தங்களிடம் உள்ள பழைய பத்திரிகைகளைப் படமெடுத்து அனுப்பும். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது கம்பெனியின் வேலை. நீளமான செய்திகளை மெஷினே படித்துவிடும். தலைப்புகள், பெயர்ப் பட்டியல்கள், எண்கள் என்று வந்தால் மெஷின் சொதப்பும். அவற்றை மனுஷர்கள்தான் தட்ட வேண்டும். அதுவும் ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஒரு பக்கத்தை முதலில் தட்டுகிறவர் கீ-ஒன். வேறெங்கோ உட்கார்ந்து, முதல் ஆள் தட்டியதைப் பார்க்காமல், அதே பக்கத்தைத் திரும்பத் தட்டுகிறவர் கீ-டூ. இரண்டையும் ஒப்பிட ஒரு பிரிவு உண்டு. எங்காவது வித்தியாசம் இருந்தால் அந்த இடம் சிவப்பாகித் திரும்பி வரும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளக் கூடாது. தெரிந்தால் பேசிவைத்துக்கொண்டு தப்பு பண்ணுவார்களாம்.

இன்னொரு விதியும் உண்டு. படிக்க முடியாத இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி போட வேண்டும். ஊகிக்கக் கூடாது. ஊகித்தது தெரிந்தால் சீட்டுக் கிழியும்.

ஜெயசுந்தரி எப்போதும் கீ-ஒன். 2016-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து மில் ஊர் ஒன்றின் பத்திரிகை அவள் கைக்கு வந்தது. ஊர் ஹேல்ஸ்விக். பருத்தி மில் முதலாளி ஒருவர் 1921-இல் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கி, அதற்கு நெசவாளிகள் என்று பொருள்பட வீவர்ஸ் என்று பேர் வைத்திருந்தார். ஆட்டத்துக்குச் சம்பளம், ஸ்காட்லாந்திலிருந்து வந்து சேர்கிறவனுக்கு மில்லில் ஒரு வேலையும் உண்டு. அமெரிக்காவில் கால்பந்தைத் தொழிலாக ஆடிய முதல் தலைமுறை அது. சனிக்கிழமை மதியம் மில் சங்கு ஊதியதும் ஊரே மைதானத்துக்குப் போகும். ஒன்பதாயிரம் பேர் கூடினார்கள் என்று பத்திரிகை எழுதும். மறுவாரம் மழையில் நானூறு பேர் என்றும் அதே பத்திரிகை வருத்தப்படும்.

படச்சுருள்கள் வரிசையாக வந்தால்தானே? 1923 முடிந்ததும் 1927 வரும், அப்புறம் 1922. ஆகவே அந்த அணியின் சரித்திரத்தை அவள் தாறுமாறாகத்தான் படித்தாள். ஒருவனுடைய சாவுச் செய்தியை முதலில் தட்டினாள். எட்டு மாதம் கழித்து அவன் கப்பலிலிருந்து இறங்கி, கையில் ஒரு தகரப் பெட்டியோடு ஹேல்ஸ்விக் வந்து சேர்ந்ததைத் தட்டினாள். முதல் நாளே கோல் போட்டான் என்று பத்திரிகை குதூகலித்தது.

பெயர்களை மட்டும் தட்டினால் போதும், செய்தியைப் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவள் படித்தாள். சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள். லீக்குக்கும் தேசியக் கால்பந்துச் சங்கத்துக்கும் 1928-இல் வந்த சண்டையைப் படித்தபோது, சர்ச் கமிட்டியில் நடக்கும் சண்டையே மேல் என்று தோன்றியது. அந்தச் சண்டையில் அணிக்குப் பாதி உயிர் போயிற்று. மறுவருஷம் பங்குச் சந்தை விழுந்தது, மில் இரண்டு ஷிப்டை நிறுத்தியது, அணி டிசம்பரோடு கலைந்தது. எல்லாம் ஒன்பது வருஷக் கதை.

அந்த அணியில் இடது ஓரத்தில் ஆடியவன் ஆண்டி கெர். முன்வரிசையில் ஐந்து பேர் ஆடுவது அந்தக் காலத்து முறை. அதில் கடைசி ஆள், எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பவன். பந்து அவன் பக்கம் வந்தால் உண்டு, வராவிட்டால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். "கெர் முதல் பாதி முழுவதும் ஆளில்லாத ஓரத்தில் நின்றிருந்தான்" என்று நிருபர் ஒருவர் எழுதியிருந்தார். விடுதியில் ஒற்றை அறையில் இருக்கிறான், யாரோடும் அதிகம் பேசுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறான் என்று இன்னொரு வாரம் ஒரு துணுக்கு. ஜெயசுந்தரிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இதைக் காதல் என்று நினைத்துச் சிரிக்க வேண்டாம். தன்னைப் போல ஒருத்தன் இருந்திருக்கிறான் என்று தெரிவதில் ஒரு நிம்மதி, அவ்வளவுதான்.

பதினோரு பேர்ப் பட்டியலில் கடைசிப் பெயர் எப்போதும் அவனுடையது. ஏழு வருஷத்தில் அந்தப் பெயரை முந்நூறு தடவையாவது தட்டியிருப்பாள்.

இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. ஒரு ஞாயிறு, தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கொயரில் பாடும் ஆக்னஸ் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் அந்த டைப்பிங்குக்குத்தான் போறியா ஜெயா? கைக்கு இவ்ளோ கஷ்டப்படுறே? ரெஸ்ட் எடேன்."

"டைப்பிங் மட்டும் இல்ல ஆக்னஸ். அமெரிக்கால நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு புட்பால் டீம் இருந்துச்சு. அதுல கெர்ருன்னு ஒருத்தன்..."

"அமெரிக்காலயா? நம்ம நோவா டல்லாஸ்லதான் இருக்கான். போன மாசம் வீடு வாங்கிட்டான். போட்டோ பாக்குறியா?"

ஜெயசுந்தரி போட்டோ பார்த்தாள். நல்ல வீடு. நீச்சல் குளம்கூட இருந்தது.

2022 ஆகஸ்டில் கடைசி வருஷத்துச் சுருள் வந்தது. அதில் நவம்பர் மாதம் மட்டும் இல்லை, நூலகத்திலேயே தொலைந்துபோயிற்றாம். அக்டோபருக்கு அடுத்து நேராக டிசம்பர் முதல் சனிக்கிழமை, வீவர்ஸின் கடைசி ஆட்டம். படமெடுத்தபோது தாள் மடிந்திருந்தது. பட்டியலின் அடிப்பகுதி கருப்பாகக் கிடந்தது. பத்துப் பெயர்கள் தெரிந்தன. பதினோராவது தெரியவில்லை.

மூன்று நட்சத்திரம் போட வேண்டிய இடம். விரலும் அந்த விசைக்குப் போயிற்று. போட மனசு வரவில்லை. இத்தனை வருஷம் ஓரத்தில் நின்றவனைக் கடைசி ஆட்டத்தன்று கூட்டத்தில் சேர்க்காமல் விடுவதா? அவன் இல்லாமல் வேறு யார் அங்கே நின்றிருக்க முடியும்? கெர் என்று தட்டி, பக்கத்தை அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய பிறகுதான் யோசித்தாள். கீ-டூ விதிப்படி நட்சத்திரம் போட்டிருப்பார். அந்த இடம் சிவப்பாகித் திரும்பி வரும். ஏன் ஊகித்தாய் என்று கேட்பார்கள். அன்று வரவில்லை. மறுநாள் வரவில்லை. ஒரு வாரம் காத்திருந்தாள், வரவே இல்லை.

மல்காஜ்கிரிக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு உறைத்தது. சிவப்பு வரவில்லை என்றால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கின்றன. கீ-டூவும் கெர் என்றே தட்டியிருக்கிறார். வேலைக்காக மட்டும் தட்டுகிற ஆள் அப்படித் தட்ட மாட்டார். அவரும் செய்தியைப் படிக்கிறார். அவருக்கும் கெர்ரைத் தெரியும். அவருக்கும் அவனை விட்டுவிட மனசு வரவில்லை.

இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பி நடந்து வரும்போது சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அதற்குப் பிறகு வந்த ஒன்றரை வருஷத்தை அவள் வாழ்க்கையின் நல்ல காலம் என்று தயங்காமல் சொல்லலாம். மற்ற வருஷங்களின் சுருள்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன. அழிந்த இடம் வந்தால் தனக்குத் தெரிந்ததைத் தட்டுவாள், காத்திருப்பாள். சிவப்பு வராது. ஆறு இடங்களில் இப்படி. ஆறிலும் பொருத்தம். ஜாதகம் பார்த்துச் சம்பந்தம் பேசினால்கூட இவ்வளவு பொருத்தம் வராது. ஒரு தடவை, தலைவலியோடு வந்த நாளில், தெரிந்த பெயருக்கே வேண்டா வெறுப்பாக நட்சத்திரம் போட்டுவிட்டாள். அதுவும் பொருந்தியது. இன்றைக்கு அவருக்கும் மனசு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். மனுஷ மனசு இருக்கிறதே, அதற்கு வேண்டியது கிடைத்துவிட்டால் கேள்வியே கேட்காது.

கீ-டூ ஆட்கள் திருமுல்கேரியில் கம்பெனியின் இன்னொரு கட்டடத்தில் இருப்பதாகக் கேள்வி. ஒரு சனிக்கிழமை நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு அங்கே போனாள். எதிர்வரிசையில் பேக்கரி வாசலில் நின்று, ஐந்து மணிக்கு ஷிப்ட் விட்டு வருகிறவர்களைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டு வந்த பெண்கள் நாலைந்து பேர்; அவர்கள் இல்லை. போனில் கத்திக்கொண்டு வந்தவன் சத்தியமாக இல்லை. கடைசியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர், கையில் ஹெல்மெட்டோடு, கூட்டத்துக்கு நாலடி தள்ளி வந்தார். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று சும்மா ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தார். அவராக இருக்கலாம் என்று தோன்றியது. அவராக இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. போய்ப் பேசவில்லை. பேசினால் இரண்டு பேர் வேலையும் போகும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பயம்தான் நிஜமான காரணம்.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் காலை சுதர்சன் அவளைத் தன் கேபினுக்குக் கூப்பிட்டான். கோயம்புத்தூர்க்காரன், முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பான், தரம் பார்க்கும் பிரிவுக்கு மேனேஜர். நல்ல பையன். நல்லவனாக இருப்பதற்குக் கம்பெனி கொடுத்த நேரம் போதாது, அதுதான் பிரச்சினை.

"உக்காருங்க ஜெயா மேடம். லைப்ரரில இருந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்குதுங்க. ஸ்காட்லாந்துல ஒரு அம்மா எழுதிருக்காங்க. இந்தக் கெர்ங்கிறவரு அவங்க தாத்தாவாம்."

ஜெயசுந்தரி நாற்காலி நுனிக்கு வந்தாள். "கல்யாணம் ஆச்சா அவருக்கு?"

சுதர்சன் நிமிர்ந்து பார்த்தான். "அது தெரியலீங்க. ஆயிருக்கும், பேத்தி இருக்காங்கல்ல."

திரையைத் திருப்பி, கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினான். தாத்தாவுக்கு அக்டோபர் கடைசி நாளில் கால் உடைந்தது. மில் அவரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டது. நவம்பர் பதினாறாம் தேதி கப்பல் ஏறிவிட்டார்; டிக்கெட் வீட்டில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியவர் சாகும்வரை கால்பந்து பற்றி வாயைத் திறந்ததே இல்லை. அவர் ஆடியதெல்லாம் நூலகத்தின் வலைத்தளத்தைப் பார்த்துத்தான் குடும்பத்துக்கே தெரியும். ஆனால் டிசம்பர் ஆட்டத்தில் அவர் பேர் எப்படி வந்தது? மூலப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், அந்த இடம் கருப்பாக இருக்கிறது. என் தாத்தாவை அங்கே சேர்த்தது யார்?

"அவ்வளவுதாங்க லெட்டர்" என்றான் சுதர்சன்.

ஜெயசுந்தரி ஒன்றும் மறைக்கவில்லை. "நான்தான் சார் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கீ-டூவும் அதே பேரைப் போட்டிருக்காருல்ல? அவர் யாரு?"

"அத எதுக்கு மேடம்..."

"திட்டறதுக்கு இல்லைங்க. ஒரு தரம் பாக்கணும். கைல ஹெல்மெட் வச்சிட்டு வருவாரே, அவரா?"

சுதர்சன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். உட்காரவில்லை.

"கீ-டூன்னு யாரும் இல்லைங்க மேடம்."

"இல்லைன்னா?"

"லாக்டவுன்ல கீ-டூ ஆளுகள வேலைய விட்டு எடுத்துட்டாங்க. அப்புறம் திரும்பச் சேக்கவே இல்ல. உங்க ஃபைலையே ஒரு காப்பி எடுத்து, கீ-டூன்னு பேர் போட்டு ஒப்பிடறதுக்கு அனுப்பீர்றாங்க. திருமுல்கேரில இப்ப ஆஸ்பத்திரி பில்லு வேலை மட்டுந்தான் நடக்குது. நான் வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தாங்க. வெளிய சொல்லீராதீங்க."

ஆறு இடங்கள். தலைவலி வந்த அந்த நாள். நாலு வருஷமாக ஒரு தடவைகூடச் சிவப்பு வராதது. எல்லாம் அவளேதான். ஒரு பக்கம் அவள் தட்டியிருக்கிறாள், மறுபக்கமும் அவளே தலையாட்டியிருக்கிறாள். அம்மாவின் அடக்கத்துக்கு மறுநாள் காலை, வீட்டில் எழுந்து யாருக்குக் காபி போடுவது என்று தெரியாமல் நின்றாளே, அன்றுகூட இவ்வளவு தனியாக இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வெட்கம்தான் வந்தது. அந்த நல்ல புடவையை நினைத்து உடம்பு கூசியது.

சுதர்சன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் முகத்தைப் பார்த்து, வேலைக்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"பயப்படாதீங்க மேடம். மெஷின் தப்புன்னு பதில் போட்டுடலாம். பக்கத்து லைன்ல இருந்த பேர மெஷின் தப்பா எடுத்துருச்சுன்னு சொன்னா ஒத்துக்குவாங்க. எப்பவும் அப்படித்தான் போடறது. உங்களுக்கும் ஒண்ணும் வராது, கம்பெனிக்கும் ஒண்ணும் வராது."

உட்கார்ந்து கடகடவென்று தட்ட ஆரம்பித்தான். இரண்டு வரி ஆயிற்று. ஜெயசுந்தரி அந்த இரண்டு வரியைப் பார்த்தாள். தவறுக்கு வருந்துகிறோம், தானியங்கி முறையில் நேர்ந்த பிழை.

"நக்கோ சார், வேண்டாம்."

"என்னங்க?"

"மெஷின்னு போடாதீங்க. அந்தம்மா யாருன்னு கேட்டிருக்காங்க. எதுன்னு கேக்கல."

"மேடம், ஊகிச்சுத் தட்டுனதா எழுத்துல குடுத்தா உங்கள வச்சுக்க முடியாதுங்க. ரூல் அப்படி. இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்குதுல்ல? வீட்ல உக்காந்து என்ன பண்ணுவீங்க?"

மல்காஜ்கிரியில் அந்த இரண்டு அறைகளில் பகல் பத்து மணி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பதினாலு வருஷம் பார்த்ததுதானே.

"தெரியலைங்க" என்றாள். "ஆனா இதை மெஷின் பண்ணலை. காப்பி எடுத்ததெல்லாம் உங்க பாடு, அதைப் பத்தி நான் பேசமாட்டேன். என்னைப் பத்தி மட்டும் உள்ளதை எழுதுங்க."

சுதர்சன் தட்டிய இரண்டு வரியையும் அழித்தான். "சொல்லுங்க. காரணம் என்னன்னு போட?"

ஜெயசுந்தரி யோசித்துச் சொன்னாள். "நவம்பர் சுருள் வரல. அதனால அவர் ஊருக்குப் போனது எனக்குத் தெரியாது. கடைசி ஆட்டத்துல அவர் இல்லாம இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அதான் போட்டேன். தப்புதான். இனி அங்க மூணு நட்சத்திரம் போட்டுருவாங்க. கால் உடைஞ்சது கேட்டு வருத்தமா இருக்கு. அப்புறம்..."

"அப்புறம்?"

"1925 ஏப்ரல்ல அவர் ஒரே ஆட்டத்துல மூணு கோல் போட்டார். ஊரே தோள்ல தூக்கிட்டுப் போச்சு. அந்தப் பக்கத்தை அந்தம்மா பாத்தாங்களான்னு கேளுங்க."

சுதர்சன் ஆங்கிலத்தில் தட்டினான். தட்டும்போது ஒரு இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். முடித்ததும் சொன்னான்: "கீழ கம்பெனி பேர் வருங்க. ஆளு பேரு போடற வழக்கமில்ல. அவங்களும் கேக்கல."

"கேக்காட்டியும் போடுங்க."

அவன் போட்டான். ஜெயசுந்தரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்து, கடிதத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். கடைசி வரியில் தன் பெயரில் வந்து நின்றாள். ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"அனுப்புங்க" என்றாள்.